நம்பர் இல்லாத கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. காற்று இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டு மின்விசிறி ஓடவில்லை. தரப் பிரிவு வந்து பார்த்தது. ஓடாத விசிறியில் "பழுதடைந்துள்ளது" என்று அழகான ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போனது. அட்டை ஒட்டுவது அவர்கள் வேலை. திருத்துவது வேறு பிரிவாம்.

தரப் பிரிவு என்றால் டொக்டர் கஜனும் அவருடைய மடிக்கணினியும். (இனி த.பி. என்றே எழுதுவேன். கை வலி.) மாதக் கடைசியில் தரச் சான்றிதழுக்குப் பார்வையிட மூன்று பேர் கொழும்பிலிருந்து வருகிறார்கள். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். பெரிய டொக்டர் கூட்டத்தில் சொன்னார்: "தங்கம் கிடைச்சா ஆஸ்பத்திரிக்குப் பேர். பேர் இருக்கிற இடத்தை விட்டு நேர்ஸ்மார் போகமாட்டினம்." போன வருடம் என் பெண்கள் வாட்டிலிருந்து மூன்று பேர் போனார்கள். ஒருத்தி ஓமானுக்கு, ஒருத்தி குருநாகலில் தாய் வீட்டுக்கு, ஒருத்தி ஏன் போனாள் என்றே தெரியவில்லை. அதனால் நானும் நம்பினேன். பொறுப்புச் சிஸ்டர் நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது?

இன்று முடித்தவை:
மருந்து அலுமாரி, பெயர் ஒட்டியாயிற்று.
ட்ரொலியில் ஊசி எந்தத் தட்டு, பஞ்சு எந்தத் தட்டு என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்து முடிவு.
ஸ்டோர் துப்புரவு. இருப்புப் புத்தகத்தில் நம்பர் இல்லாத சாமானுக்குச் சிவப்பு அட்டை, பிறகு வெளியே. மொத்தம் பதினொன்று. கால் உடைந்த ஸ்டூல், மூடி இல்லாத வாளிகள், துருப்பிடித்த சேலைன் ஸ்டாண்ட், பழைய இரும்புக் கட்டில், மற்றவை.

பின்னேரம் ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். கோயில் மாதிரி இருந்தது. படம் எடுத்து த.பி.க்கு அனுப்பினேன். கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்று போனில் திரும்ப வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

தவக்காலம் என்று சீனியை விட்டிருக்கிறேன். தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் வாட்டுத் தாதி றிஸ்னா காலையில் வந்து, நோன்புக் களைப்போடு சுவரில் சாய்ந்துகொண்டு, மெல்லச் சொன்னாள்: "மிஸ், அன்சிலா ராத்திரி கதிரையளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவ. உங்களுக்குத் தெரியுமோ?"

அன்சிலா விடத்தல்தீவுப் பெட்டை. ஆறு வருடமாக என் வாட்டில். பின்னேரக் கடமை ஏழு மணிக்கு முடியும்போது அவளுடைய ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். குவாட்டர்ஸ் கேட்டால், அது வெளிமாவட்டக்காரருக்கு மட்டுமாம். அவளும் இதே மன்னார் மாவட்டம், ஆகவே உள்ளூர் ஆள். உள்ளூர் ஆள் என்று சொல்பவர்கள் ஒரு நாள் ஏழு மணிக்குப் பிறகு பஸ்ஸுக்கு நின்று பார்க்க வேண்டும்.

அந்த இரும்புக் கட்டில்தான் அவளுடைய குவாட்டர்ஸ். எந்தக் காலத்திலோ கழித்துவிட்ட கட்டில், ஏற்றிக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. அவள்தான் கழுவி, துருச் சுரண்டி, ஸ்டோர் மூலையில் ஒரு துணி கட்டி மறைத்து வைத்திருந்தாள். பின்னேரக் கடமை நாட்களில் அதில் படுத்து, விடிய முதல் பஸ்ஸில் போவாள். வாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். இதுதான் தாங்கவில்லை. அந்தத் துணியை நானே கழற்றி மடித்து வைத்தேன். கட்டிலின் காலைத் தடவி நம்பர் தேடினேன். இல்லை என்றதும் அட்டையை ஒட்டினேன். அதில் படுக்கிற பிள்ளையின் முகம் ஒரு நிமிடமும் நினைவுக்கு வரவில்லை. என்ன விசர் பிடித்ததோ.

மார்ச் 6, வெள்ளி

விடியவே பழைய சாமான் கொட்டிலுக்கு ஓடினேன். கட்டில் இல்லை. காவலாளி கையை விரித்தார்.

"லொறி நேற்றே ஏத்திக்கொண்டு போயிட்டுது மிஸ். சான்றிதழ் வருது, இடத்தைத் துப்புரவாக்கச் சொன்னவை."

ஐந்தாறு வருடம் ஒருவரும் திரும்பிப் பார்க்காத கட்டில். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு காரியம் இரண்டு நாளில் நடந்தது என்றால் இதுதான்.

பின்னேரம் சிலுவைப்பாதை. மனம் நிற்கவில்லை. மூன்றாம் நிலையா நான்காம் நிலையா என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மார்ச் 9, திங்கள்

சான்றிதழில் "ஊழியர் நலன்" என்று ஒரு பகுதி இருக்கிறதாம். அதற்காக த.பி. இன்று கொண்டுவந்து மாட்டியவை: பிறந்தநாள் பலகை. யோசனைப் பெட்டி (பூட்டு இருக்கிறது, திறக்கத் திறப்பு இல்லை). மாதத்தின் சிறந்த தாதி, படத்தோடு.

சிறந்த தாதி: அன்சிலா. எல்லோரும் கைதட்டினோம். டொக்டர் கஜன் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரியுங்கோ மிஸ்." அவள் சிரிக்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் நேரே என் மேசைக்கு வந்து ஒரு கடதாசியை வைத்தாள்.

"என்ன இது?"

"ட்ரான்ஸ்பர் ஃபோம், சிஸ்டர். ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. ஏப்ரல் பதினைஞ்சிலயிருந்து. நீங்கள் சிபாரிசு எழுதித் தரவேணும். மாதம் முடியிறதுக்குள்ள கந்தோரில குடுக்க வேணும்."

சிஸ்டர்! ஆறு வருடமாக அக்கா என்ற வாய்.

"கட்டிலுக்கோ கோவம்? வேற கட்டில் ஒண்டு எப்பிடியும் எடுத்துத் தாறன்."

"கட்டிலுக்கில்லை. ட்ரொலியில பஞ்சு எங்க வைக்கிறது எண்டதுக்கும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டனீங்கள். நான் படுக்கிற இடத்தைத் தூக்கேக்க ஒரு வார்த்தை கேக்கேல்லை."

அதற்கு நான் என்ன சொன்னேன்? "அதில நம்பர் இல்லையே." கடவுளே, அப்படித்தான் சொன்னேன். என் காதாலேயே கேட்டேன்.

அவள் ஐந்தாம் கட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் பார்க்கப் போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

ஃபோம் என் மேசை லாச்சியில். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்க்கிறேன்.

அவள் போனால்: நான், றிஸ்னா, தெற்கிலிருந்து புதிதாக வந்த இரண்டு பிள்ளைகள். நாலு பேரோடு வாட்டை எப்படி ஓட்டுவது? அந்த இரண்டு பிள்ளைகளும் நிற்பது அன்சிலாவால்தான். "நெஞ்சு இறுகுது", "தலை சுத்துது", "வயித்தைப் பிரட்டுது" எல்லாவற்றையும் சிங்கள எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நோயாளி வாய் திறந்ததும் இரண்டும் கொப்பியைப் புரட்டும். அவள் போனால் அடுத்த இடமாற்றத்தில் அதுகளும் போகும். சந்தேகமே இல்லை.

இன்று அடம்பனில் இருந்து வந்த கிழவி சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. மூன்று பேர் பிடித்தும் கை தரவில்லை. அன்சிலா போய், "ஏனணை, உங்கட மாட்டுக்கு ஊசி போடேக்க அது இப்பிடியோ குதிக்கிறது?" என்றாள். கிழவி சிரித்துக்கொண்டு கையை நீட்டியது. முதல் குத்திலேயே நரம்பு.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"மன்னிப்புக் கேளன்."

"கேட்டனான்."

"எப்பிடிக் கேட்டனி?"

"வேற கட்டில் தாறன் எண்டு சொன்னனான்."

"அது மன்னிப்போ? அது கட்டில்."

கோபம் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

நான் அடுத்த பிழையும் செய்தாயிற்று. அன்சிலாவுக்குப் பின்னேரக் கடமையே போடாமல் எல்லாம் காலையாக மாற்றினேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. றிஸ்னாவுக்கு நோன்பு திறக்கிற நேரமெல்லாம் கடமை விழுந்தது. அன்சிலா ரோஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு ஆரும் இரக்கம் பாக்க வேண்டாம் சிஸ்டர். என்ர பின்னேரத்தை எனக்கே போடுங்கோ."

இதையும் கேட்காமல்தான் செய்தேன். படித்தேனா ஒன்றாவது!

மார்ச் 16, திங்கள்

சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்பக் கடைசி நாள். ஒவ்வொரு வாட்டும் தானே எழுத வேண்டும். ஏழாம் பகுதியில் கேள்வி: ஊழியர்கள் தொடர்ந்து பணியாற்றுவதற்காக இப்பிரிவில் எடுத்த நடவடிக்கைகள் எவை? டொக்டர் கஜன் மாதிரி விடை அனுப்பியிருந்தார். பிறந்தநாள் பலகை, யோசனைப் பெட்டி, சிறந்த தாதி. எல்லா வாட்டுக்கும் ஒரே விடை. பார்த்து எழுதினால் முடிந்தது.

பேனையை எடுத்தேன். பலகை என்று எழுத வரவில்லை. எழுதியது இது, பிரதி வைக்கிறேன்:

"பின்னேரக் கடமை முடிந்து பஸ் இல்லாத தாதி ஒருவருக்கு இந்த வாட்டில் படுக்க ஒரு கட்டில் இருந்தது. இந்தச் சான்றிதழுக்காக ஸ்டோரை ஒழுங்கு செய்தபோது அவரைக் கேட்காமல் நான் அதை அகற்றிவிட்டேன். இப்போது அவர் கதிரையில் படுக்கிறார். இடமாற்றம் கேட்டிருக்கிறார். பிழை என்னுடையது."

கையெழுத்து, பெயர், பதவி.

ஒரு மணி நேரத்தில் டொக்டர் கஜன் வியர்த்து ஓடி வந்தார். "என்ன சிஸ்டர் இது? கோயில்ல சாமியாரிட்டச் சொல்ல வேண்டியதைப் படிவத்தில எழுதி வச்சிருக்கிறியள்! தங்கம் போயிடும்."

"போகட்டும் டொக்டர். எனக்குத் தங்கம் வேண்டாம், பின்னேர டியூட்டிக்கு ஆள் வேணும்."

சொல்லும்போது வீரம். அவர் போன பிறகு பிரதியை எடுத்து மூன்று தரம் வாசித்தேன்.

மார்ச் 18, புதன்

பெரிய டொக்டர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"எத்தினை வருசம் சேர்விஸ் உங்களுக்கு?"

"இருபத்தொண்டு, சேர்."

"இருபத்தொரு வருசத்தில படிவம் நிரப்பத் தெரியேல்லையோ? அந்தப் பந்தியை வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதித் தாங்கோ."

"நீங்கள் வேணுமெண்டால் வெட்டுங்கோ சேர். அப்ப கீழ இருக்கிற என்ர கையெழுத்தையும் சேர்த்து வெட்டுங்கோ."

எங்கிருந்து வந்தது அந்த வாய்? அவர் விசிறியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், "போங்கோ" என்றார். வெட்டினாரா இல்லையா தெரியாது. மாதாவே, நீ பார்த்துக்கொள்.

மார்ச் 22, ஞாயிறு

றிஸ்னா பெருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். சீனியை விட்டிருக்கிறேன் என்றேன். "இது சீனி இல்லை மிஸ், கருப்பட்டி." சாப்பிட்டேன். இரண்டு துண்டு. கடவுளுக்கு வித்தியாசம் தெரிந்தாலும் கோபிக்க மாட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

வந்து போய்விட்டார்கள். காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாடா.

காலையில் "நல்வரவு" பதாகைக்குக் கீழே இரண்டு கழுதைகள். காவலாளி தும்புத்தடியால் கலைக்க, வாசல் வளைவைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றன. கொழும்பு வான் அதுகளுக்கு நடுவால்தான் உள்ளே வந்தது.

மூன்று பேர். இரண்டு ஆண்கள் விசிறி, தீயணைப்பான், கழிவு வாளி என்று போய்விட்டார்கள். மூன்றாவது ஒரு பெண், ஓய்வு பெற்ற தலைமைத் தாதி, மேற்ரன். சிங்களம், உடைந்த தமிழ். நானும் உடைந்த சிங்களம். அவர் கையில் என் படிவம். ஏழாம் பகுதி வெட்டப்படவில்லை! பெரிய டொக்டர் வெட்டவில்லை. அந்த மனிதனைப் பற்றி நினைத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

"யார் இந்த நேர்ஸ்?" என்று கேட்டார். வேறு வழி இல்லாமல் சுவரைக் காட்டினேன். மாதத்தின் சிறந்த தாதி. மேற்ரன் அம்மா படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. கட்டில் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். ஸ்டோர் மூலையில் இப்போது மலச்சட்டிகள், பெயர் ஒட்டி, வரிசையாக. அன்சிலாவைக் கூப்பிட்டு அவரே கேட்டார், தமிழில்: "இப்ப எங்க படுக்கிறது?"

"கதிரையில, மெடம்."

"எத்தனை கதிரை?"

"மூண்டு."

குறிப்பில் மூன்று என்று எழுதினார். பெரிய டொக்டர் தொண்டையைச் செருமினார்.

வெளியே வரும்போது பதிவேட்டு அறைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த அறையைக் காட்டி, இது என்ன என்றார். விருந்தினர் அறை என்றார் பெரிய டொக்டர். எந்த விருந்தினர்? "நீங்கள்தான் மெடம்." அம்மா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். இரண்டு கட்டில், விரிப்போடு. "நாங்கள் இன்றைக்கே போகிறோமே" என்றார். அவ்வளவுதான்.

வான் போன பிறகு துணி அலுமாரிக்குப் பக்கத்தில் அன்சிலா தனியே நின்றாள். போய்ச் சொன்னேன், ஒத்திகை பார்க்காமல்: "அன்சிலா, நான் உன்னைக் கேக்காமல் செய்தனான். நீ அங்க படுக்கிறது தெரிஞ்சும் செய்தனான். பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளு."

"ம்" என்றாள். தலையணை உறையை மடித்து முடித்தாள். பிறகு போனாள்.

அந்த ஒரு "ம்" போதும் எனக்கு. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

மார்ச் 27, வெள்ளி

முடிவு வந்தது: வெள்ளி. அதற்கும் ஒரு நிபந்தனை. பஸ் இல்லாத பெண் ஊழியர் தங்க ஒரு மாதத்துக்குள் அறை ஒதுக்க வேண்டும். அதுவரை சான்றிதழ் கையில் வராது. பெரிய டொக்டர் ஒரு மாதம் காத்திருக்கிற ஆளா? பத்து மணிக்கு விருந்தினர் அறை திறபட்டது. பன்னிரண்டுக்குக் கழுவியாயிற்று. இரண்டு கட்டில், இரண்டுக்கும் நம்பர் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

சான்றிதழ்க் கடதாசிக்காகக் கட்டிலைத் தூக்கினேன், கடைசியில் அந்தக் கடதாசிதான் கட்டில் தந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

டொக்டர் கஜன் கதவுக்குப் பெயர்ப்பலகை அடித்துக்கொண்டு வந்தார். "நில்லுங்கோ டொக்டர், படுக்கிற ஆக்களைக் கேப்பம்" என்று அன்சிலாவையும் றிஸ்னாவையும் கூப்பிட்டேன்.

"பலகை வேண்டாம் அக்கா," என்றாள் அன்சிலா, "உள்பக்கம் பூட்டு வேணும்."

அக்கா என்றாள். கேட்காதது மாதிரி நின்றேன். கண் மட்டும் காட்டிக்கொடுத்தது.

பின்னேரத்துக்குள் பூட்டு. வெளியே இருந்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 30, திங்கள்

ஃபோம் இன்னும் லாச்சியில். நாளை கடைசி. அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்படியே கிடந்தால் திகதி போய்விடும், அவளும் போக முடியாது. நல்ல தந்திரம். இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று இன்று காலைதான் எனக்கே விளங்கியது.

சீ.

எடுத்தேன். சிபாரிசு செய்கிறேன் என்று எழுதினேன். "கடமையில் மிகச் சிறந்தவர். இழக்க விருப்பம் இல்லை. ஆயினும் கோரிக்கை நியாயமானது." கையெழுத்துப் போட்டு, திகதி போட்டு, அவள் கையில் கொடுத்தேன்.

"இந்தா. கந்தோரில நீயே குடு. போறதெண்டாலும் நிக்கிறதெண்டாலும் நீதான் சொல்லவேணும்."

வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள் என்று நினைக்கிறேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட களைப்பு. இவர் நண்டுக் கறி வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. தூக்கம் வரும்.

மார்ச் 31, செவ்வாய்

கந்தோர் நாலு மணிக்கு மூடும். மூன்றரைக்கு அன்சிலா வாட்டைவிட்டு வெளியே போவதைக் கண்டேன். எங்கே என்று கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஏப்ரல் ரோஸ்டரை எடுத்து வைத்தேன். கோடு போட்டு, பெயர் போட்டு. அன்சிலாவுக்குப் பதினாலாம் திகதி வரை நிரப்பினேன். அதற்குப் பிறகு கட்டங்களை வெறுமையாக விட்டேன். அந்த வெறுங்கட்டங்களைப் பார்க்க முடியாமல் றிஸ்னாவின் வரிசைக்குப் போனேன்.

ஐந்து மணிக்கு என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கொண்டைக்கடலை வாசம். சந்திக் கடைக்குப் போய் வந்திருக்கிறாள்.

"அக்கா, பதினாலுக்குப் பிறகு ஏன் என்ர கட்டம் எல்லாம் சும்மா கிடக்கு?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன். "ஃபோம் குடுக்கேல்லையோ?"

"கடலை சுத்தித் தர அவனிட்டக் கடதாசி இல்லை. நான் என்ன செய்ய?" கடலைப் பொட்டலத்தை ரோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கையெழுத்து எண்ணெயில் ஊறிக் கிடந்தது. "எனக்கு இருபத்தாறாம் திகதி ஞாயிறு ஓஃப் வேணும். தங்கச்சியின்ர மகளுக்குக் கோயில்ல முதல் நன்மை. மற்ற நாளுக்கு என்னெண்டாலும் போடுங்கோ."

எழுதினேன். 15 பின்னேரம், 16 பின்னேரம், 17 காலை. முப்பது வரைக்கும் எழுதினேன். இருபத்தாறு ஓஃப்.